சிவப்புக்குப் போன பெயர்

மருந்துக்கடையிலும் இணையச் சந்தையிலும் பீட்ரூட் இன்று பொடியாக, மாத்திரையாக, ஒரே மடக்கில் குடிக்கும் செறிந்த சாறாகக் கிடைக்கிறது. அந்த டப்பாக்களின் முகப்பில் தவறாமல் இருக்கும் சொல் ஆன்டிஆக்ஸிடன்ட். உடலில் சுற்றித் திரியும் ஃப்ரீ ராடிக்கல்களை அழிக்கும், முதுமையைத் தள்ளிப்போடும், இதயத்தைக் காக்கும் என்று அந்த ஒரு சொல்லின் மேல் பல வாக்குறுதிகள் ஏற்றப்படுகின்றன. பீட்ரூட்டுக்கு மருத்துவப் பயன் உண்டு. கட்டுப்பாட்டோடு நடத்திய மனிதச் சோதனைகளில் அது தெரிந்திருக்கிறது. காய்கறிகளில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவை மிகச் சில. ஆனால் நிரூபணமான அந்தப் பயன் ஆன்டிஆக்ஸிடன்ட் வழியாக வருவதில்லை. வேலை செய்வது ஒன்று, பெயர் வாங்குவது இன்னொன்று. பெயர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று இதை விட்டுவிட முடியாது. எதை அளந்து பொடி தயாரிக்கிறார்கள், எவ்வளவு சாப்பிடச் சொல்கிறார்கள், யாரை எச்சரிக்காமல் விடுகிறார்கள் என்பதையெல்லாம் அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது.

முதலில் நிறத்தைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லா மயக்கமும் அங்கேதான் தொடங்குகிறது. பீட்ரூட்டின் செந்நீலம் பீட்டாலெய்ன் என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் முதன்மையானது பீட்டானின். கத்தரிக்காய்த் தோலிலும் நாவல் பழத்திலும் இருக்கும் ஆந்தோசயனின் வேறு வகை. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை என்பது தாவரவியலின் வேடிக்கைகளில் ஒன்று. பீட்டாலெய்ன் ஏறக்குறைய ஒரே ஒரு தாவர வரிசைக்குள் அடங்கிய சொத்து. காகிதப்பூ, வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை, சிவப்புத் தண்டுக்கீரை, சப்பாத்திக்கள்ளிப் பழம் ஆகிய நமக்குப் பழகிய இந்தச் சிவப்புகள் எல்லாம் பீட்ரூட்டின் பங்காளிகள். உணவுத் தொழிலில் பீட்டானின் இ 162 என்ற எண்ணோடு சாயமாகவும் விற்பனையாகிறது. வீட்டில் இந்தச் சிவப்புக்குச் சொல்லப்படும் விளக்கம் இன்னும் நேரடியானது: ரத்தச் சிவப்பு, ஆகவே சாப்பிட்டால் ரத்தம் ஊறும். நூறு கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராமை எட்டுவதில்லை. ஃபோலேட் மட்டும் தாராளமாக, நூறு மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. நிறத்தைப் பார்த்துக் குணத்தை முடிவுசெய்யும் பழக்கம் பாட்டிமார்களோடு நின்றுவிடவில்லை. ஆய்வகத்துக்குள்ளும் அது வேறு உடையில் நுழைந்தது.

அந்த உடையின் தையல் 1956-இல் தொடங்கியது. அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன், முதுமைக்குக் காரணம் உடலின் வேதிவினைகளில் பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல்களே என்ற கருத்தை அந்த ஆண்டு வெளியிட்டார். இணையில்லாத எலெக்ட்ரான் ஒன்றைச் சுமந்துகொண்டு அடுத்த மூலக்கூறிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும் துகள்கள் இவை. கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் சிதைக்க வல்லவை. தன் எலெக்ட்ரானைக் கொடுத்து இந்தச் சங்கிலியை நிறுத்தும் பொருளே ஆன்டிஆக்ஸிடன்ட். கருத்து எளிமையானது, அழகானது, சோதித்துப் பார்க்கவும் வசதியானது. ஒரு சோதனைக் குழாயில் ராடிக்கலை உண்டாக்கி, சாற்றை ஊற்றி, எவ்வளவு வேகமாக அணைகிறது என்று அளந்தால் ஒரு எண் கிடைத்துவிடும். அந்த எண்ணில் பீட்டானின் உண்மையிலேயே சூரன். 2001-இல் இஸ்ரேலைச் சேர்ந்த யோசேஃப் கன்னர் குழு வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு அமிலம் சிதைவதை மிகச் சிறிய அளவு பீட்டானினே பாதியாகக் குறைத்தது. பீட்ரூட்டை ஆன்டிஆக்ஸிடன்ட் என்று அழைப்பவர்கள் ஆதாரமில்லாமல் அழைக்கவில்லை.

ஆனால் அதே ஆய்வுக்கட்டுரையில் விளம்பரங்கள் தொடாத ஒரு பகுதி உண்டு. நான்கு பேருக்கு 300 மில்லி பீட்ரூட் சாறு கொடுத்தார்கள்; அதில் 120 மில்லிகிராம் நிறமி இருந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் சிறுநீரில் திரும்பி வந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சிறுநீரில் வராததெல்லாம் உடலில் சேரவே இல்லை என்று இதைக்கொண்டு முடிவுகட்ட முடியாது. சிதைந்து வேறு பொருளாக மாறியிருக்கலாம். என்றாலும், குடலைத் தாண்டி ரத்தத்தில் முழு வடிவில் ஏறும் பீட்டானின் மிகக் கொஞ்சம் என்பதையே இது காட்டுகிறது. குழாயில் அளந்த வீரம் ரத்தத்தில் செல்லுபடியாக வேண்டுமென்றால் அந்தப் பொருள் அங்கே போய்ச் சேர வேண்டுமே. இந்தக் கேள்வி பீட்ரூட்டுக்கு மட்டும் உரியதல்ல. உணவுப் பொருள்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்களைத் தொகுத்துப் பட்டியலாக வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, 2012-இல் அந்தப் பட்டியலையே தன் இணையதளத்திலிருந்து நீக்கிவிட்டது. குழாயில் கிடைக்கும் எண்ணுக்கும் மனித உடலில் கிடைக்கும் பயனுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, நிறுவனங்களோ அந்த எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளின் கதையில் இன்னொரு வேர்க் காய்கறிக்கும் இடம் உண்டு. அதைத் தாண்டிப் போனால் இந்தக் கேள்வியின் கனம் புரியாது. கேரட்டிலிருந்து 1831-இல் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் என்பதால்தான் கரோட்டின் அந்தப் பெயரைப் பெற்றது. காய்கறி நிறையச் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமுள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கணக்கெடுப்புகள் காட்டின. அப்படியானால் அதையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களிடமும் கல்நாரோடு புழங்கிய தொழிலாளர்களிடமும் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்த சோதனையில் இது 28 சதவீதமாக உயர்ந்தது. 1996 தொடக்கத்தில், திட்டமிட்ட காலம் முடியும் முன்னரே மாத்திரையை நிறுத்தினார்கள். பிறகு வைட்டமின் ஈ-யும் இதே பாதையில் வந்தது: 2011-இல் வெளியான பெரிய சோதனையில் அதை எடுத்த ஆண்களிடம் சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. 2009-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு காரணத்தின் ஒரு நுனியைக் காட்டியது. உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் கிடைக்க வேண்டிய முன்னேற்றம் கிடைக்காமல் போனது. தசை உழைக்கும்போது பிறக்கும் ராடிக்கல்கள் வெறும் குப்பையல்ல, உடல் தன்னைத் திருத்திக்கொள்ள எழுப்பும் சமிக்ஞையும் அவைதான். அதைத் துடைத்தெறிந்தால் சேதி போய்ச் சேராது.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. ஆய்வகத்தில் செய்த தனி வேதிப்பொருளின் பாவத்தை முழுக் காய்கறியின் தலையில் கட்டலாமா? கட்டக்கூடாது. கேரட் சாப்பிட்டு யாருக்கும் புற்றுநோய் வந்ததாக அந்தச் சோதனைகள் சொல்லவில்லை. ஆனால் அந்த மறுப்பை முழுதாக ஏற்றால் அது யாரைக் காப்பாற்றுகிறது என்று பார்க்க வேண்டும். தட்டில் இருக்கும் பீட்ரூட் பொரியலைக் காப்பாற்றுகிறது. நிறமியைப் பிரித்துச் செறிவாக்கி அடைத்த மாத்திரையைக் காப்பாற்றுவதில்லை. காய்கறியின் நற்பெயரைக் காட்டி மாத்திரையை விற்பவர், மாத்திரையின் கதையைச் சொல்லும்போது மட்டும் காய்கறியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. பீட்டாலெய்ன் மாத்திரை தீங்கானது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற அடைமொழி மட்டும் ஒரு பொருளுக்குப் பாதுகாப்புச் சான்றும் அல்ல, பயனுக்கான சான்றும் அல்ல என்பதை அந்த மூன்று பெரிய சோதனைகளும் நிலைநாட்டிவிட்டன.

அப்படியானால் பீட்ரூட்டின் நிரூபணமான பயன் எங்கிருந்து வருகிறது? நைட்ரேட்டிலிருந்து. மண்ணிலிருந்து செடி உறிஞ்சிச் சேர்த்து வைக்கும் சாதாரண உப்பு அது. நிறமில்லை, மணமில்லை, ஆன்டிஆக்ஸிடன்ட் குணமும் இல்லை. அது உடலில் போகும் பாதை மட்டும் விசித்திரமானது. சிறுகுடலில் ரத்தத்துக்குள் ஏறிய நைட்ரேட்டில் ஏறக்குறைய கால்பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் பிடித்து மறுபடியும் வாய்க்கே கொண்டுவருகின்றன. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை நாம் விழுங்குகிறோம்; வயிற்றிலும் ரத்தத்திலும் திசுக்களிலும் அது நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. ரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தும் வாயு அது. அந்த வாயு உடலின் சமிக்ஞை என்று கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இதில் ஒரு குறும்பு இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறில் இணையில்லாத எலெக்ட்ரான் ஒன்று உண்டு. அதாவது, வேதியியல் இலக்கணப்படி அது ஒரு ஃப்ரீ ராடிக்கல். ஃப்ரீ ராடிக்கலை ஒழிக்கும் என்று எழுதி விற்கப்படும் சாறு, ஒரு ஃப்ரீ ராடிக்கலை உடலுக்குக் கொடுத்துத்தான் தன் வேலையைச் செய்கிறது.

இந்த விளக்கத்தை எப்படி நம்புவது என்று கேட்டால், ஆய்வாளர்கள் அடுத்தடுத்து அடைத்த ஓட்டைகளைத்தான் காட்ட வேண்டும். 2008-இல் லண்டனில், உடல்நலமுள்ளவர்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தபோது மேல் ரத்த அழுத்தம் சுமார் 10 மி.மீ. வரை இறங்கியது. சாறு குடித்த பின் உமிழ்நீரை விழுங்காமல் துப்பச் சொன்னபோது அந்த இறக்கம் காணாமல் போனது. நிறமியும் பாலிஃபீனாலும் வயிற்றில் அப்படியேதான் இருந்தன. எச்சில் மட்டும் போகவில்லை. 2009-இல் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் ஆறு நாள் சாறு குடித்தவர்கள், களைத்து நிறுத்தும் வரையிலான கடுமையான சைக்கிள் பயிற்சியில் சுமார் 16 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். அது வைட்டமினாலோ நிறமியாலோ ஏன் இருக்கக்கூடாது? அந்தச் சந்தேகத்துக்கு 2011-இல் அதே இடத்திலிருந்து பதில் வந்தது. சாற்றை ஒரு பிசின் வடிகட்டி வழியாகச் செலுத்தி நைட்ரேட்டை மட்டும் உருவியெடுத்தார்கள். நிறமும் சுவையும் மாறவில்லை. குடிப்பவருக்கு எது எதுவென்று தெரியாது. நைட்ரேட் உருவப்பட்ட சாற்றில் ரத்த அழுத்தமும் குறையவில்லை, பயிற்சியின்போது ஆகும் ஆக்சிஜன் செலவும் குறையவில்லை. இந்த வெறுஞ்சாறுதான் பிறகு வந்த ஆய்வுகளுக்கெல்லாம் ஒப்பீட்டுப் பானமானது. 2015-இல் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் லண்டன் குழு நான்கு வாரம் நடத்திய சோதனையில், தினம் 250 மில்லி சாறு மேல் அழுத்தத்தைச் சுமார் 8 மி.மீ. குறைத்தது, வெறுஞ்சாறு குறைக்கவில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் கோட்பாட்டுக்கு இதைவிட நேரான பரீட்சை அமைக்க முடியாது. சிவப்பு முழுவதும் அந்த வெறுஞ்சாற்றில் இருந்தது.

இதே பரீட்சை தலைகீழாகவும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2012-இல் பீட்ரூட் சேர்த்த ரொட்டிகளைச் சோதித்தார்கள்: ஒன்று சிவப்பு பீட்ரூட், இன்னொன்று வெள்ளை பீட்ரூட். வெள்ளை வகையில் செந்நிறமி கிடையாது. இரண்டு ரொட்டியும் ரத்த அழுத்தத்தைக் குறைத்தன.

இவ்வளவுக்குப் பிறகும் ஆன்டிஆக்ஸிடன்ட் தரப்பில் சொல்ல மிச்சமிருக்கிறது. அதில் மூன்று வாதங்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று: பீட்டானின் நேராக ராடிக்கலோடு மோதுவதில்லை, செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தூண்டிவிடுகிறது என்பது. வளர்ப்புக் கல்லீரல் செல்களில் இது காணப்பட்டிருக்கிறது. உண்மையாக இருக்கலாம்; ஆனால் செல்லின் காவல் ஏன் விழிக்கிறது? வந்ததை ஒரு சிறு தொந்தரவாக அது உணர்வதால். அப்போது பீட்டானின் ஆன்டிஆக்ஸிடன்ட் அல்ல, மெல்லிய சீண்டல். தவிர, வளர்ப்புச் செல்லின் மேல் ஊற்றும் அளவு, சாப்பிட்ட மனிதரின் கல்லீரலை எட்டுமா என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டாவது: கடும் பயிற்சிக்குப் பின் வரும் தசைவலியைப் பீட்ரூட் சாறு குறைக்கிறது என்று நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் காட்டின, அது நைட்ரேட்டால் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். நைட்ரேட்டே எல்லாம் என்று சொல்பவர்களுக்கு இது ஒரு கடிவாளம். ஆனாலும் அந்த வரிசையில் 2016-இல் வந்த ஆய்வில், ஆட்டக்காரர்களின் தசை விரைவாகத் தேறியபோதும், ரத்தத்தில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் அளவீடுகளில் சாறு குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. பயன் இருக்கிறது, ஆனால் பெயர் சொல்லும் வழியில் அது வரவில்லை.

மூன்றாவது வாதம்தான் வலுவானது, அதை முன்வைத்தவரும் கன்னர்தான். ரத்தத்துக்குள் போகாவிட்டால் என்ன, வயிறும் குடலும் உடலில் சேர்ந்தவைதானே? சமைத்த இறைச்சியின் இரும்பும் கொழுப்பும் வயிற்று அமிலத்தில் கலக்கும்போது கொழுப்பு அங்கேயே சிதையத் தொடங்குகிறது. வயிறு ஒரு வினைக்கலம். உறிஞ்சப்படாமல் குடல் வழியே போகும் நிறமிக்கு வேலை அங்கேதான் என்றார் அவர். இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நைட்ரேட் குறித்த மிகப் பழைய பயம், அது நைட்ரைட் ஆகி, புரதச் சிதைவுப் பொருள்களோடு சேர்ந்து, புற்றுநோயைத் தூண்டும் நைட்ரோசமின்களாக மாறும் என்பது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வெளியிட்ட தொகுப்பில், இந்த வினை உடலில் நடக்கக்கூடிய சூழலில் உட்கொள்ளும் நைட்ரேட்டையும் நைட்ரைட்டையும், ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற வகையில் வைத்தது. வைட்டமின் சி-யும் பாலிஃபீனால்களும் வயிற்றில் அந்த வினையை மடைமாற்றி, நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடு பக்கம் தள்ளுகின்றன. பதப்படுத்திய இறைச்சியின் நைட்ரைட்டையும் காய்கறியின் நைட்ரேட்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக, பீட்ரூட்டின் ஆன்டிஆக்ஸிடன்ட் குணத்துக்கு ஓர் இடம் ஒதுக்கத்தான் வேண்டும்: வயிற்றில், சாப்பாட்டோடு. ஆனால் இந்த வாதம் வெல்லும்போது மாத்திரைதான் தோற்கிறது. சாப்பாட்டோடு கலந்து வயிற்றில் செய்யும் வேலைக்குச் சோற்றோடு பிசைந்த பொரியல்தான் பொருத்தம். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரைக்கு அங்கே மோத எதிரியே இல்லை.

பெயர் பிழையானதால் வரும் நடைமுறைச் சேதத்துக்கு இப்போது வருவோம். ஆன்டிஆக்ஸிடன்டை விற்பவர் நிறத்தை அளப்பார். நைட்ரேட்டை அளக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கப்படும் 24 பீட்ரூட் தயாரிப்புகளை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்து 2019-இல் வெளியிட்டபோது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நைட்ரேட் அளவில் சுமார் ஐம்பது மடங்கு வித்தியாசம் இருந்தது. சோதனைகளில் பயன் தந்த அளவை ஒவ்வொரு முறையும் கொடுத்தவை விரல்விட்டு எண்ணும்படிதான். மண், உரம், வெயில், அறுவடைக்காலம் எல்லாம் செடியின் நைட்ரேட்டை மாற்றும். தயாரிப்பில் நுண்ணுயிர்கள் புகுந்தால் அவையும் தின்னும். சிவப்பு மட்டும் குறையாமல் இருக்கும், வாங்குபவரும் திருப்தியாக இருப்பார். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் 2018 அறிக்கை, ஆட்டத்திறனை உயர்த்த நல்ல ஆதாரமுள்ளவை என்று காஃபீன், கிரியேட்டின் போன்ற மிகச் சிலவற்றோடு சேர்த்தது பீட்ரூட்டை அல்ல, நைட்ரேட்டை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பயனும் நன்கு பயிற்சிபெற்ற உயர்மட்ட வீரர்களிடம் சுருங்கிவிடுகிறது.

பிழையான பெயர் எச்சரிக்கைகளையும் மறைக்கிறது. கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பான் நாக்கின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அதைத் தினமும் பயன்படுத்துபவருக்குப் பீட்ரூட்டின் நைட்ரேட் பெரும்பாலும் வீண். 2013-இல் வெளியான சோதனையில், உடல்நலமுள்ளவர்கள் ஏழு நாள் குளோர்ஹெக்சிடின் கொப்பளித்ததிலேயே ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மி.மீ. உயர்ந்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று நினைத்து வாங்குபவருக்குத் தன் வாய்க்கும் அந்தச் சாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றே தெரிய வழியில்லை. அளவும் அப்படித்தான். நைட்ரேட்டுக்கு வகுத்த தினசரி ஏற்பு வரம்பு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3.7 மில்லிகிராம், அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 222. லண்டன் சோதனையில் தினமும் கொடுத்ததோ சுமார் 400. காய்கறி நிறையச் சாப்பிடுபவர்கள் இந்த வரம்பைச் சாதாரணமாகவே தாண்டுகிறார்கள், அதில் தீங்கு தெரியவில்லை என்று வல்லுநர்கள் வாதிடுவது எனக்கு ஏற்புடையதே. இருந்தாலும் இது பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு. டப்பாவில் அந்தப் பேச்சே இல்லை. கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்களுக்குப் பீட்ரூட்டின் ஆக்சலேட் இன்னொரு கணக்கு.

ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் நிலை தனி. லண்டன் சோதனையில் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அழுத்தம் குறைந்தது. ஆனால் அதே 2015-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோதனையில், மருந்தில் இருந்த 27 பேருக்கு ஒரு வாரம் சாறு கொடுத்தும் அழுத்தம் அசையவில்லை. காலம் போதவில்லையா, மருந்துகள் அந்த வேலையை முன்பே செய்து முடித்துவிட்டனவா என்று இரண்டு பக்கமும் விளக்கம் சொல்லலாம். மருந்தை நிறுத்திவிட்டுச் சாற்றுக்கு மாறுவதற்கு இரண்டு ஆய்வுமே இடம் தரவில்லை.

சமையலறைக்கு இதில் ஒரு சேதி உண்டு. நைட்ரேட்டும் பீட்டானினும் இரண்டுமே நீரில் கரைபவை. பீட்ரூட்டை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்தச் சிவப்பு நீரை வடித்து ஊற்றினால் இரண்டிலும் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது. நிறமியைச் சூடும் வெளிச்சமும் காற்றும் சேர்ந்து மேலும் தின்னும். நைட்ரேட்டைச் சூடு ஒன்றும் செய்யாது, வடித்தால்தான் இழப்பு. துருவியோ பொடியாக நறுக்கியோ, கைத்தண்ணீர் தெளித்து மூடிப் போட்டு, அந்த நீர் சுண்டும்வரை வதக்கி எடுக்கும் பொரியலில் இரண்டும் பெரும்பாலும் சட்டியிலேயே தங்கிவிடுகின்றன. சாம்பாரில் போட்டால் இறங்கியது குழம்பில் இருக்கிறது, குழம்பை யாரும் வடித்துக் கொட்டுவதில்லை. மறுநாள் சிறுநீர் சிவந்து போனால் பயப்படவும் வேண்டாம். பத்துப் பேரில் ஒருவருக்காவது அப்படி ஆகிறது, இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இன்னும் அதிகமாக. உடல் உள்ளே வாங்கிய அந்தச் சொற்ப நிறமியும் தன் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.